உக்லிச்சா, கொரோதெத்ஸா?

ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் ஒரே ஒரு பழைய ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டையும் பார்த்த பிறகு என் ஓட்டு கொரோதெத்ஸுக்குத்தான்.

உக்லிச்சுக்குப் போவது சுலபம். மாஸ்கோவிலிருந்து வரும் சுற்றுலாக் கப்பல்கள் கோட்டைக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. வரலாற்றிலும் அதன் கை ஓங்கியிருக்கிறது. ‘பயங்கர இவான்’ எனப்பட்ட ரஷ்யப் பேரரசரின் கடைசி மகன் திமித்ரி, எட்டு வயதில், 1591-இல் இங்கேதான் இறந்தான். கொலையா விபத்தா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அன்று ஊரைக் கூட்டிய மணியையே குற்றவாளியாக்கி, அதன் நாக்கைப் பிடுங்கி, காதை அறுத்து, சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1892-இல்தான் அது ஊர் திரும்பியது.

கொரோதெத்ஸும் சளைத்ததல்ல. 1152-இல் ரஷ்ய இளவரசர் யூரி தோல்கொருக்கி நிறுவியதாகச் சொல்லப்படும் ஊர் இது. ரஷ்யர்கள் கொண்டாடும் இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மங்கோலியர்களிடம் போய்த் திரும்பும் வழியில், 1263-இல் இங்கே உயிர்விட்டார். மங்கோலிய அரசர் பாத்து கானின் படை நெருங்கியபோது ஏரிக்குள் மூழ்கி மறைந்த கீத்தெஷ் நகரத்தின் கதையில் 'சின்னக் கீத்தெஷ்' என்று வருவதும் இந்த ஊர்தான் என்பார்கள்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் கைவினை. உக்லிச்சில் நான் பார்த்த பழம்பொருட்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கொரோதெத்ஸில் தெருவில் நடந்தாலே போதும். வோல்காவின் மரப்படகுகளைச் செதுக்கி அலங்கரித்த தச்சர்கள், நீராவிக் கப்பல்கள் வந்து அந்த வேலை போனதும் வீடுகளுக்குத் திரும்பினார்கள். அதனால்தான் படகில் இருந்த மீன்வால் பெண்களும், சிரிக்கிற சிங்கங்களும் இங்கே ஜன்னலுக்கு மேலும் கூரையடியிலும் இருக்கின்றன. இன்றும் ஆட்கள் குடியிருக்கிற வீடுகள் அவை!

அப்புறம் ஓவியம். நூல் நூற்கும் பெண் உட்காரும் பலகையில் தொடங்கியது அது. முதலில் நீரில் ஊறிக் கறுத்த ஓக் மரத்துண்டுகளைப் பதித்துக் குதிரைகளை அமைத்தார்கள். அதற்கு நாளாகும் என்பதால், 19-ஆம் நூற்றாண்டில் தூரிகைக்கு மாறினார்கள். கறுப்புக் குதிரை, பெரிய ரோஜா, மேஜையில் தேநீர் அருந்தும் குடும்பம் எல்லாம் முன்கூட்டிக் கோடு போடாமல் நேரே வண்ணத்தில் வருபவை. கடைசியாக இழுக்கும் வெள்ளைக் கோடுகளில்தான் பூவுக்கு உயிர் வருகிறது. வாங்கும்போது அந்தக் கோடுகளைச் சாய்த்துப் பாருங்கள். கையால் தீட்டியதென்றால் தூரிகையின் தடம் தெரியும், அச்சடித்ததென்றால் மழமழவென்று இருக்கும்.

நான் போனது கோடையில். பனிக்காலத்தில் இந்தத் தெருக்களில் நடப்பது எப்படி என்று சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. கப்பல் பயணமே முக்கியம் என்பவர்களுக்கு உக்லிச் சரி. பக்கத்துப் பெருநகரமான நிஷ்னி நோவ்கோரத் வரை எப்படியும் வருகிறவர்கள், அங்கிருந்து காலைப் பேருந்திலேயே கொரோதெத்ஸுக்குக் கிளம்பிவிடுங்கள்.