கொங்கிரீட் டிரைவ்வேக்கு சீலர் அடிக்க வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

ஒன்ராறியோவில் மார்க்கம், ஸ்காபரோ, ஏஜக்ஸ் பக்கம் கொங்கிரீட் டிரைவ்வே (வீட்டுக்கு முன்னால் கார் விடும் தளம்) வைத்திருப்பவர்கள் குளிர் தொடங்குமுன் இதை ஒருமுறை வாசியுங்கள். சீலர் என்பது கொங்கிரீட்டுக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க அடிப்பது. உள்ளே ஊறும் சிலேன் சீலர் என்று சொல்லி என்னிடம் 1,400 டொலர் வாங்கிக்கொண்டு, மேலே பிளாஸ்டிக் படலம்போலப் பளபளக்கும் அக்ரிலிக் சீலரை அடித்துவிட்டுப் போனார்கள். காசு போனது ஒரு பக்கம். முந்தைய குளிர்காலங்களை ஒரு கீறலும் இல்லாமல் தாண்டிய கொங்கிரீட், ஒரே குளிர்காலத்தில் தோல் உரிந்துபோய்க் கிடக்கிறது.

ஒக்டோபர் கடைசியில் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் நம்மவர். "அண்ணை, பக்கத்துத் தெருவில வேலை முடிச்சிட்டு வாறம், சாமான் மிச்சம் இருக்கு, மலிவாச் செய்து தாறம்" என்றார். மேலே படலமாக நிற்கும் சீலர் எனக்கு வேண்டாம், உள்ளே ஊறும் சிலேன் அல்லது அதேபோன்ற சிலொக்சேன்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். "அதுதான் அண்ணை இது, பத்து வருசத்துக்குப் பாக்கத் தேவையில்லை" என்று சத்தியம் பண்ணாத குறை. கார்ட் மெஷின் வேலை செய்யவில்லை என்று இ-டிரான்ஸ்ஃபராகக் காசை வாங்கினார்கள். தந்த துண்டில் தொகை இருந்தது, "சீலர்" என்ற சொல் இருந்தது, விலாசம் இல்லை.

காலையில் பிரஷர் வாஷரால் கழுவினார்கள். அன்று மத்தியானமே ஸ்பிரே அடித்தார்கள். கழுவிய கொங்கிரீட் வெளியே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். வெயில் காலத்திலேயே குறைந்தது ஒரு நாள் விடவேண்டும், ஒக்டோபர் குளிரில் அதைவிடக் கூட. அதோடு பெரும்பாலான சீலர்களுக்கு 10 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். அன்று இரவு உறைநிலை வரை இறங்கியது. தெரு முழுக்க பெயின்ட் தின்னர் மணம். அடுத்த நாள் தமிழ்ப் பையன் வந்து ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றி, அது முத்து முத்தாக உருளுவதைக் காட்டினான். இந்தச் சோதனையை நம்பவே வேண்டாம். அக்ரிலிக் பூசினாலும் தண்ணீர் அப்படித்தான் உருளும். எந்தச் சீலர் என்பதை அது சொல்லாது.

வேலியோரம் அவர்கள் விட்டுப்போன வெறும் வாளி ஒன்று பிறகுதான் கண்ணில் பட்டது. லேபிளில் அக்ரிலிக், கரைப்பான் சைலீன். சிலேன் என்ற பெயரே இல்லை.

இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிது? கொங்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரியும். ஈரத்தால் நிறைந்த துளைக்குள் அது நடந்தால் மேற்பரப்பு வெடித்துக் கழரும். ஒன்ராறியோவில் ஒரு குளிர்காலத்தில் உறைவதும் உருகுவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது, அதற்கு மேல் வீதி உப்பு வேறு. சிலேன் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளிவிடும், ஆனால் துளையை அடைக்காது. மண்ணிலிருந்து மேலே ஏறும் ஈரம் ஆவியாக வெளியே போகலாம். அக்ரிலிக் மேலே ஒரு படலம் போடுகிறது. அடியிலிருந்து வரும் ஈரமும் கழுவிய தண்ணீரும் அதற்குக் கீழே மாட்டிக்கொண்டு உறைகின்றன.

பங்குனியில் பனி கரைந்தபோது பார்த்தேன். படலம் வெள்ளையாக மங்கி, நகத்தால் தூக்கினாலே பெரிய செதிலாக வந்தது. செதிலின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறச் சீமெந்துத் தூள் ஒட்டியிருந்தது. கார் நின்று உப்புத் தண்ணீர் சொட்டும் இடத்தில், கராஜ் கதவுக்கு முன்னால், சாந்து முழுக்கப் போய் கல்லு கல்லாகத் தெரிகிறது. பிள்ளைகள் அதில் ஓடி விளையாடும் இடம் அது. எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

போன் பண்ணினால் முதலில் "கொங்கிரீட் சரியில்லை, நீங்கள் உப்புப் போட்டிருப்பீங்கள்" என்றார்கள். அப்புறம் எடுக்கவே இல்லை. பிறகு வந்து பார்த்த திருத்த வேலைக்காரர் ஓரத்தில் கொஞ்சம் சைலீன் தடவிக் காட்டினார். சில நிமிடத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. அக்ரிலிக் என்றால் அப்படித்தான் கரையும் என்றார். இப்போது அந்தப் படலத்தை முழுக்க உரித்தெடுக்காமல் சிலேன் அடித்தும் பயனில்லை, அது உள்ளே இறங்காது. உரிக்கிற செலவு, முதலில் அடித்த செலவைத் தாண்டுகிறது.

அச்சுப் பதித்த, நிறம் போட்ட கொங்கிரீட்டுக்கு அக்ரிலிக் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை அடிக்கடி புதுப்பிக்கவேண்டும், நனைந்தால் வழுக்கவும் செய்யும். வெறும் சாம்பல் டிரைவ்வேக்கு இங்கத்தைய குளிரில் சிலேன் அல்லது சிலேனும் சிலொக்சேனும் கலந்ததுதான் சரி. காய்ந்தபின் கொங்கிரீட்டின் நிறமோ தோற்றமோ பெரிதாக மாறாது. பளபளத்தால் உடனே கேள்வி கேளுங்கள். மூடியைத் திறக்குமுன் லேபிளைப் படம் எடுங்கள். சீலரின் பெயரும் அதில் சிலேன் எத்தனை வீதம் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். கழுவும் நாளும் அடிக்கும் நாளும் ஒன்றென்றால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள். காசை கடன் அட்டையில் கொடுங்கள், பிரச்சினை வந்தால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டு வாசலில் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். சட்டம் கேட்கும் விவரங்கள் உள்ள பிரதி உங்கள் கைக்கு வராவிட்டால் ஒரு வருடம் வரை அந்த உரிமை உண்டு. விலாசம்கூட இல்லாத அந்தத் துண்டை வைத்துத்தான் நான் ரத்துக் கடிதம் அனுப்பி, மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வாளியை கராஜில் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் படங்களையும் ரசீதையும் எடுத்து வையுங்கள். சேர்ந்து முறையிடலாம்.