நிறைமாதத்தில் யு வடிவத் தலையணை: வாங்கலாமா?

ஏழாம் மாதத்திலேயே வாங்கிவிட்டேன். அதன் அருமை தெரிவதோ இப்போதுதான், 38 வாரம் முடிந்த பிறகு. கர்ப்பகாலத் தலையணை விற்கிறவர்கள் எல்லோரும் "சுகமான தூக்கம்" என்றுதான் எழுதுகிறார்கள். நிறைமாதத்தில் யாருக்கு அய்யா சுகமான தூக்கம்? நெஞ்செரிச்சல், கெண்டைக்கால் பிடிப்பு, அடிக்கடி பாத்ரூம், இடையில் பொய் வலி. இவற்றில் எதையும் தலையணை தீர்க்காது. அது செய்கிற உருப்படியான வேலை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரள்வதைக் கொஞ்சம் சுலபமாக்குவது. கடைசி வாரங்களில் அதுவே பெரிய உதவி.

இதில் சி வடிவம், யு வடிவம் என்று வகைகள் உண்டு. தோழி கொடுத்த சி வடிவத் தலையணையையும் சில இரவுகள் வைத்துப் பார்த்தேன். படுத்த நிலையில் குறையே சொல்ல முடியாது, கட்டிலில் இடமும் குறைவாகத்தான் பிடிக்கிறது. ஆனால் மறுபக்கம் திரும்ப வேண்டும் என்றால் தலையணையையும் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். நள்ளிரவில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்து முடிப்பதற்குள் தூக்கம் ஓடிவிடும். யு வடிவத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை நீண்டு கால்வரை வருகிறது. நாம் மட்டும் திரும்பினால் போதும். முன்னால் இருந்தது முதுகுக்கு அணையாகிவிடும், பின்னால் இருந்தது வயிற்றைத் தாங்கிக்கொள்ளும்.

முதுகுப் பக்கம் அணை இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துத் தூங்கச் சொல்கிறார்கள். மல்லாந்து படுத்தால், கீழ் உடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையைக் கருப்பையின் கனம் அழுத்தும். சிலருக்குத் தலைசுற்றலே வரும். இடப்பக்கம்தான் படுக்க வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வலப்பக்கம் படுத்தாலும் பரவாயில்லை என்று என் மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதற வேண்டியதில்லை, விழிப்பு வந்ததும் திரும்பிக்கொண்டால் சரி. இந்தத் தலையணை இருந்தால் முழுதாக மல்லாந்து போவது குறைகிறது, அவ்வளவுதான்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது நீளத்தை. முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். கணுக்கால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் மேலே இருக்கும் கால் திருகி, இடுப்பை இழுத்துப் பிடிக்கும். பிரசவத்துக்கு இடம் கொடுக்க மூட்டுகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் நேரம், அந்த இழுப்பு காலையில் நடக்கும்போது இடுப்பு முன்னெலும்பில் தெரியும். முழங்காலும் கணுக்காலும் ஒரே உயரத்தில் தலையணை மேல் இருக்க வேண்டும். குட்டையான மாடலில் இது நடக்காது.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் குறை, எழுந்திருப்பது. குழந்தையின் தலை கீழே இறங்கியதும் மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது, ஆனால் சிறுநீர்ப்பைக்குக் கஷ்டகாலம். இரண்டு பக்கமும் வேலி கட்டின மாதிரி இருக்கும் படுக்கையிலிருந்து அவசரத்துக்கு எழுவது லேசில்லை. நான் கட்டில் ஓரத்துக் கையைக் காலால் கீழே தள்ளிவிட்டு, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் எழுகிறேன். அந்தச் சத்தத்தில் என் கணவர் விழித்துக்கொள்வார்.

"என்னம்மா, வலியா?"

"இல்லங்க, பாத்ரூம்."

திரும்பி வந்து படுத்தால், "இப்போ?" என்பார். இந்தத் தலையணை வந்த பிறகு அவருக்குக் கட்டிலில் ஒரு ஓரம்தான் மிச்சம். அங்கே கிடந்துகொண்டு என் ஒவ்வொரு அசைவையும் எண்ணுகிறார். ஆஸ்பத்திரிப் பை கதவோரம் தயாராக இருக்கிறது, கார் சாவி அதன் மேல். சிறிய கட்டில் உள்ளவர்கள் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, சூடு. எனக்கு வந்தது வெல்வெட் மாதிரி வழவழப்பான உறை. தொட்டால் நன்றாக இருக்கிறது, படுத்தால் வேர்த்துக் கொட்டுகிறது. பருத்தி உறை தனியாக வாங்கி மாற்றினேன். அப்புறம் ஜிப். பாதி நீளத்துக்கு மட்டும் ஜிப் வைத்த உறையைத் துவைத்துத் திரும்பப் போட இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருக்கும் பாலியஸ்டர் பஞ்சு ஒரு பக்கமாகக் கூடிப்போய், தலை வைக்கிற வளைவு தட்டையாகிவிட்டது. நெஞ்செரிச்சலுக்கு மார்பும் தலையும் சற்று உயர்ந்திருந்தால் நல்லது என்பதால், வளைவுக்குக் கீழே சாதாரணத் தலையணை ஒன்றைச் செருகிவைத்திருக்கிறேன். பனிக்குடம் படுக்கையிலேயே உடைந்தால் என்ன செய்வது என்று யோசித்து, கீழே நீர் புகாத விரிப்பும் போட்டாயிற்று. இதையெல்லாம் தலையணையோடு சேர்த்து யாரும் விற்பதில்லை.

"தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே, இப்போது வாங்கி என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு: சொன்ன தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இருந்தால் அதிகம். அந்தத் தேதியே கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிச் சொல்லும் கணக்கு. 37 முதல் 42 வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பிரசவம் ஆகலாம், முதல் பிரசவம் தள்ளிப்போவதும் சகஜம். 36-ஆவது வாரத்தில் வாங்கினாலும் பல இரவுகளுக்கு உதவும். பகலில் குழந்தையின் அசைவைக் கவனிக்க அமைதியாக ஒருக்களித்துப் படுப்பதற்கும் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். கடைசி வாரங்களில் அசைவு குறைவது இயல்புதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அட்டைப்பெட்டியைப் பார்த்துத்தான். பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தூங்கவைக்கும் மெத்தையாகவும் ஆகுமாம். வளைவுக்குள் ஒரு பச்சைக்குழந்தை தூங்குகிற படம் வேறு. கைக்குழந்தையை மல்லாக்க, உறுதியான சமமான படுக்கையில், சுற்றிலும் தலையணையோ மெத்தென்ற பொருளோ இல்லாமல்தான் தூங்கவைக்க வேண்டும். இவ்வளவு மெத்தென்ற பொருளில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும். அம்மா உட்கார்ந்து பால் கொடுக்கும்போது முதுகுக்கு வைத்துக்கொள்ளலாம், குழந்தை தூங்கப் போகும் இடத்தில் இதற்கு வேலையில்லை.

கட்டிலில் இடம் இருந்து, புரளும்போதெல்லாம் இடுப்பு வலிக்கிறது என்றால் யு வடிவத்தை வாங்கலாம். முழு நீள ஜிப், பருத்தி உறை, கணுக்கால் தாண்டும் நீளம், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கமாகப் படுத்தே இரவை ஓட்டிவிடுகிற பாக்கியசாலிகளுக்கு, வீட்டில் இருக்கும் பழைய தலையணைகளில் ஒன்று கால்களுக்கு நடுவில், ஒன்று வயிற்றுக்குக் கீழே, அதுவே போதும்.