ஃபைபர் போஸ்ட் வைத்துக் கட்டிய பல்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கீழ்த்தாடையின் வலப்புற முன்கடைவாய்ப்பல்லில் ரூட் கேனால் செய்து, சொத்தையை முழுவதும் சுரண்டி எடுத்த பிறகு, நாக்குப் பக்கத்துச் சுவரும் கன்னப் பக்கத்தில் தாழ்ந்துபோன ஒரு விளிம்புமே மிஞ்சியிருந்தன. கேப்புக்குப் பிடிமானம் போதாது என்பதால், 2018-இல் அடையாற்றில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் வேருக்குள் ஃபைபர் போஸ்ட் எனும் மெல்லிய இழைத் தண்டைச் செருகி, அதைச் சுற்றிக் காம்போசிட் எனும் பல் நிறப் பிசினை எழுப்பி, மேலே சிர்கோனியா என்ற பீங்கான் வகைக் கேப் பொருத்தினார்கள். அந்தப் பக்கத்தில்தான் இன்றும் மெல்லுகிறேன்.

கான்கிரீட் தூணுக்குள் கம்பி போல, போஸ்ட் பல்லுக்கு வலுவூட்டுகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது மேலே கட்டிய காம்போசிட்டைப் பிடித்து வைக்க மட்டுமே உதவுகிறது. அதற்காக வேரை அளவுக்கு மீறிக் குடைந்தால் வேர்தான் பலவீனமாகும். நுனியில் 4 முதல் 5 மி.மீ. வரை ரூட் கேனால் அடைப்பையும் விட்டுவைக்க வேண்டும். கேப் நிலைப்பதற்கு முதன்மையான காரணம், ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மி.மீ. உயரத்துக்குச் சொந்தப் பல் இருந்து, கேப் அதைக் கவ்விக்கொள்வதே. அந்த உயரத்துக்காகக் கன்னப் பக்க ஈறைச் சற்று வெட்டினார்கள். ரூட் கேனாலைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

2022-இல் சீடையைக் கடித்தபோது கேப் போஸ்டோடு கழன்று கையில் வந்துவிட்டது. போஸ்டின் மேல் சிமென்ட் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. வேரின் உட்சுவரோடு இருந்த பிடிப்புதான் விட்டுப்போயிருந்தது. ஃபைபர் போஸ்ட் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கும். விறைப்பான உலோகப் போஸ்டாக இருந்தால் வேரே பிளந்து, பல்லைப் பிடுங்கும் நிலை வந்திருக்கக்கூடும். என் வேரில் விரிசல் இல்லாததால், ரப்பர் டேம் எனும், பல்லை மட்டும் வெளியே விடும் ரப்பர் விரிப்பைக் கட்டி, ஈரம் படாமல் புதிய போஸ்டை ஒட்டினார்கள். முதல் முறை ரப்பர் டேம் கட்டவில்லை என்பது என் மனக்குறை.

இடப்புறக் கடைவாய்ப்பல்லும் பாதிக்கு மேல் சிதைந்ததுதான். ஆயினும் அதன் கூழறை (பல்லுக்குள் நரம்பு இருந்த குழி) அகலமாக இருந்ததால், போஸ்ட் இல்லாமல் அந்தக் குழியின் பிடிப்பிலேயே காம்போசிட்டைக் கட்டினார்கள். செலவும் குறைந்தது, தொந்தரவும் இல்லை. ஆகவே கடைவாய்ப்பல்லுக்குப் போஸ்ட் வேண்டும் என்றால் ஏன் என்று கேட்டுவிடுவது நல்லது. பல்லில் சிறு உலோகப் பின்களைப் பதிக்கும் பழைய முறை பற்றி விசாரித்தபோது, பல்லில் நுண்விரிசல் ஏற்படலாம் என்று மருத்துவர் மறுத்துவிட்டார்.

நரம்பு எடுத்த பல் என்பதால் கேப்பின் விளிம்பில் மீண்டும் சொத்தை வந்தாலும் கூச்சமோ வலியோ தெரியாது. அதனால் இரவில் பல்லிடுக்குப் பிரஷ்ஷால் அவ்விடத்தைத் துடைக்கிறேன். அவ்வப்போது எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்க்கிறேன். பொங்கல் கரும்பை மட்டும் துண்டாக நறுக்கி, இடப்பக்கமாகவே மெல்லுகிறேன்.