சீக்கோ என்எச்35: மாட் பண்ண ஆரம்பிக்கிறவங்க தாராளமா வாங்கலாம், ஆனா...

வாட்ச் மாட் பண்ணணும்னு, அதாவது பார்ட்ஸ் வாங்கி தனக்குப் பிடிச்ச மாதிரி கட்டணும்னு ஆசை வந்த எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த மூவ்மென்ட், அதாவது உள்ள ஓடுற மிஷின், வாங்குறதுன்னுதான். என் பதில் சீக்கோ என்எச்35. அது ஏதோ பிரமாதமான மிஷின்ங்கிறதால இல்லங்க, அதுக்குன்னே டயல், முள்ளு, வெளிக்கூடான கேஸ், பக்கவாட்டுல திருகுற கிரவுன்னு பார்ட்ஸ் கொட்டிக் கிடக்கு. டயல் 28.5 மில்லிமீட்டர், முள்ளு ஓட்டை மணிக்கு 1.5, நிமிஷத்துக்கு 0.9, செகண்டுக்கு 0.2ன்னு எல்லாரும் இதே சைஸ்லதான் அடிக்கிறாங்க, அதனால ஒரு கடையில டயலும் இன்னொரு கடையில முள்ளும் வாங்கினாலும் பெரும்பாலும் வந்து உக்காந்துடும்.

சீக்கோ தன்னோட வாட்ச்ல 4ஆர்35ன்னு போடுற அதே சமாச்சாரம்தான், வெளி கம்பெனிங்களுக்கு விக்கும்போது பேரு என்எச்35. கிழமையும் வேணும்னா என்எச்36. சீக்கோவோட பழைய டைவர் (முக்குளிக்கிறவங்களுக்கான) வாட்ச் எஸ்கேஎக்ஸ்007ல இருந்த 7எஸ்26 மிஷின்ல கையால சாவி கொடுக்க முடியாது, கிரவுனை இழுத்தா செகண்ட் முள்ளும் நிக்காது, இதுல ரெண்டும் உண்டு. ஃபுல்லா சாவி கொடுத்தா 41 மணி நேரம், அதாவது வெள்ளிக்கிழமை நைட்டு கழட்டி வெச்சா ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் தாங்கும்.

உண்மையான சோதனை முள்ளு போடும்போதுதான். கிரவுனை சுத்திக்கிட்டே வந்து தேதி டக்குனு மாறுற இடத்துல நிறுத்திட்டு, மணி முள்ளையும் நிமிஷ முள்ளையும் நேரா 12ல வெச்சு அழுத்தணும், அப்பதான் நடுராத்திரி தேதி சரியா மாறும். செகண்ட் முள்ளு இருக்கே, அது பொறுமைய சோதிச்சுரும், தலைமுடி மாதிரி மெலிசா ஒரு பின்னு, அது மேல முள்ளு நேரா நிக்குதான்னு லூப்ல (கண்ணுல வெச்சு பாக்குற பூதக்கண்ணாடி) பாத்துட்டு அமுக்கணும், சாஞ்சு போச்சுன்னா போச்சு. முடிச்சதும் பக்கவாட்டுல பாருங்க, முள்ளுங்க ஒண்ணோட ஒண்ணு உரசினா வாட்ச் நின்னுடும். நான் ஆன்லைன்ல வாங்கின ஒரு கிட்ல செகண்ட் முள்ளோட ஓட்டை லூசு, கையை ஆட்டினாலே கழண்டு கண்ணாடிக்குள்ள ஓடுச்சு, கடைக்காரர் மாத்தித் தரவே இல்ல. மிஷின் மேல தப்பில்ல, ஆனா முள்ளுல காசு மிச்சம் பிடிக்காதீங்க.

கிரவுனை மிஷினோட இணைக்கிற கம்பியான ஸ்டெம் நீளமா வரும், கேஸுக்கு ஏத்த மாதிரி வெட்டிக்கணும். எப்பவும் கொஞ்சம் கூடவே விட்டு வெட்டிட்டு அரத்துல கொஞ்சம் கொஞ்சமா தேய்ங்க, குறைஞ்சுட்டா புது ஸ்டெம்தான்.

இப்ப குறைங்க. கம்பெனி ஸ்பெக்லயே ஒரு நாளைக்கு மைனஸ் 20லேர்ந்து பிளஸ் 40 செகண்ட் வரைக்கும் ஓகேன்னு போட்டிருக்கான், அதனால பெட்டியிலேர்ந்து எடுத்ததும் கரெக்டா ஓடும்னு எதிர்பாக்காதீங்க. வேகத்தை கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரை நகர்த்தி சரி பண்ணலாம்தான், ஆனா அங்க பக்கத்து பக்கத்துல ரெண்டு லீவர் இருக்கு, ஒண்ணு வேகத்துக்கு, இன்னொண்ணு பீட் எரருக்கு (டிக், டாக் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி சமமா இல்லாதது), ஓட்டத்தை அளக்குற டைம்கிராஃபர் கருவி இல்லாம ரெண்டாவதை தொடாதீங்க. அப்புறம், கை அசைவுல சுத்தி தானா சாவி கொடுக்கிற ரோட்டரோட சத்தம். ஃபேன் ஓடாத ரூம்ல கையை திருப்பினா சரக் சரக்னு கேக்கும், எனக்கு அது பிடிச்சிருக்கு, என் வீட்டம்மாவுக்கு பிடிக்கல.

பெரிய குறை தடிமன்தான், மிஷின் மட்டும் 5.32 மில்லிமீட்டர். டைவர் கேஸ்ல தெரியாது, சட்டை கைக்குள்ள போற மாதிரி மெலிசா டிரெஸ் வாட்ச் கட்டணும்னா இது வேணாம். அதுக்கு 3.9 மில்லிமீட்டர்ல மியோட்டா கம்பெனியோட 9015 மிஷினைப் பாருங்க, விலை கூட, என்எச்35க்கு வாங்கி வெச்ச முள்ளும் அதுக்கு ஆகாது. டைவர், ராணுவ பாணி ஃபீல்டு வாட்ச் பண்றவங்க இதையே வாங்குங்க. முடிஞ்சா டயல் ஆர்டர் போடும்போதே கூட ஒரு செட் முள்ளும் சேத்துப் போட்டுடுங்க, எப்படியும் ஒண்ணு வளையும்.