எந்தக் குவார்ட்டர்பேக் தானாக ஜெயித்தார்? புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம்: ஒரு மதிப்பீடு

பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜோ மொன்டானாவுக்கு நான்கு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப் போட்டி) வெற்றி, மயாமியின் டேன் மரினோவுக்கு ஒன்றுகூட இல்லை என்று ஒருவர் ஆரம்பிப்பார். ஜெர்ரி ரைஸ் மாதிரி ஒரு ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) பக்கத்தில் இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார் என்று இன்னொருவர் மடக்குவார். அமெரிக்கக் கால்பந்தில் ஓயாத இந்த வழக்குக்குச் சாட்சி தேடி எல்லோரும் போய் நிற்கும் இடம் புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ். இலவசத் தளம். விளம்பரங்கள் உண்டு. ஸ்டாட்ஹெட் என்ற தேடல் கருவிக்கு மட்டும் சந்தா. வீரருக்கு ஒரு பக்கம், அணியின் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டப் புள்ளிவிவரம்) பக்கம் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். குவார்ட்டர்பேக்கையும் அவருடைய துணைப் படையையும் பிரித்துப் பார்க்க இந்தத் தளம் எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

மேலே சொன்ன வழக்கில் பாதி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ரைஸ் பக்கத்தைத் திறந்தால் அவர் 1985 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 16ஆவதாக வந்தவர் என்று மேலேயே இருக்கும். மொன்டானாவின் முதல் இரண்டு சூப்பர் பவுல் வெற்றிகளும் அதற்கு முந்தையவை. அப்போது பந்தைப் பிடித்தவர்கள் டுவைட் கிளார்க்கும் ஃப்ரெடி சாலமனும்.

மறுபாதிக்கு 1984 சீசனுக்குப் போக வேண்டும். அந்த வருடம் மரினோ 564 முறை எறிந்து 5,084 யார்டு, 48 டச்டவுன் (எதிரணியின் கோல் பகுதிக்குப் பந்தைக் கொண்டு சேர்ப்பது), 17 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). இங்கே பாஸர் ரேட்டிங் நெடுவரிசையைவிட ஏஎன்ஒய்/ஏ (ஒரு எறிதலுக்கான திருத்திய நிகர யார்டு) என்ற நெடுவரிசைதான் உருப்படியானது. கணக்கு எளிது: எறிந்த யார்டோடு டச்டவுனுக்கு 20 கூட்டு, இன்டர்செப்ஷனுக்கு 45 கழி, சாக்கில் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக் சாய்க்கப்படுவதில்) இழந்த யார்டையும் கழி, வந்ததை எறிதல்களும் சாக்குகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகு. மரினோவுக்கு 5,159ஐ 577ஆல் வகுத்தால் 8.94. பழைய பாஸர் ரேட்டிங்கில் சாக் கணக்கிலேயே வராது. குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்த்தால் அணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது போல அது நடந்துகொள்ளும்.

சரி, இவ்வளவு எறிந்தவர் ஏன் தோற்றார்? 19ஆவது சூப்பர் பவுலின் பாக்ஸ் ஸ்கோரில் இருக்கிறது. மயாமி அந்த ஆட்டத்தில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியது 9 முறை, கிடைத்தது 25 யார்டு. எதிரே சான் ஃபிரான்சிஸ்கோ 40 முறை ஓடி 211 யார்டு. மரினோ 50 தடவை எறிய வேண்டியிருந்தது, நான்கு முறை சாக், 38-16. மொன்டானா தனியாகவே ஓடி 59 யார்டு எடுத்தார். மரினோ ஆடிய 17 சீசன்களில் மயாமிக்கு ஒரு சீசனில் ஆயிரம் யார்டு ஓடிய ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஒரே ஒருவர்தான், 1996இல் கரீம் அப்துல்-ஜப்பார், 1,116 யார்டு. இதைப் பார்க்க அணிப் பக்கங்களை ஒவ்வொரு வருடமாகத் திறந்து, ‘ரஷிங் அண்டு ரிசீவிங்’ அட்டவணையில் ஓடிய யார்டு நெடுவரிசைத் தலைப்பை ஒரு தட்டு தட்டினால் போதும், பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்பட்டுவிடும்.

இனி இந்தத் தளத்தில் ஏமாறக்கூடிய இடம். ஒவ்வொரு வீரருக்கும் ஏவி என்று ஒற்றை எண் தருகிறார்கள், ‘அப்ராக்ஸிமேட் வேல்யூ’. ரிசீவர், லைன்மேன் (முன்வரிசையில் தடுப்பவர்), டிஃபென்ஸ் என எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தலாம் என்பதால், துணைப் படையின் ஏவியைக் கூட்டி ‘இவருக்கு உதவி அதிகம், அவருக்குக் குறைவு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்த எண் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் இது எவ்வளவு தப்பு என்று தெரியும். அணியின் தாக்குதல் ஒரு டிரைவுக்கு (பந்து கையில் இருக்கும் ஒரு தொடர் முயற்சிக்கு) எத்தனை புள்ளி எடுத்தது என்பதை லீக் சராசரியோடு ஒப்பிட்டு மொத்தப் பானையை முதலில் நிரப்புகிறார்கள். அதில் 11இல் 5 பங்கு அஃபென்சிவ் லைனுக்கு (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐவர்). பிறகு ஆடிய ஆட்டங்கள், கௌரவங்கள் ஆகியவற்றை வைத்து ஆளாளுக்குப் பிரிப்பு. ஆக, நல்ல குவார்ட்டர்பேக் வந்து புள்ளி ஏறினால், அவருக்கு முன்னால் நிற்கும் லைன்மேனின் ஏவியும் தானாக ஏறும். பிறகு அதே ஏவியைக் காட்டி ‘பாருங்கள், இவருக்கு எவ்வளவு நல்ல லைன்’ என்பது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிற வாதம். பெயருக்குப் பக்கத்தில் புரோ பவுல் (வருடத்தின் சிறந்த வீரர்கள் பட்டியல்) தேர்வுக்காக வரும் நட்சத்திரக் குறிக்கும் ஏறக்குறைய இதே நோய்.

அப்படியானால் என்ன செய்வது? லைன் ஏறக்குறைய மாறாமல் குவார்ட்டர்பேக் மட்டும் மாறிய சீசன்களைத் தேட வேண்டும். குவார்ட்டர்பேக் டாம் பிரேடி விஷயத்தில் அப்படி இரண்டு கிடைக்கின்றன, இரண்டும் எதிரெதிர்த் திசையில்.

முதலாவது நியூ இங்கிலாந்து. 2007இல் பிரேடி 578 எறிதலில் 21 சாக். 2008இன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனதால் சீசன் முழுக்க மேட் காசல். இடது பக்கத்து மேட் லைட், லோகன் மேன்கின்ஸ், நடுவில் டேன் காப்பன் ஆகியோர் அப்படியே இருந்தார்கள். ரிசீவர்களான ரேண்டி மாஸும் வெஸ் வெல்கரும் இருந்தார்கள். காசலுக்கு 516 எறிதலில் 47 சாக். இரண்டாவது டாம்பா பே. 2019இல் ஜேமிஸ் வின்ஸ்டன் 626 எறிதலில் 47 சாக், 30 இன்டர்செப்ஷன். 2020இல் பிரேடி வந்தார், 610 எறிதலில் 21 சாக், 12 இன்டர்செப்ஷன். ஏஎன்ஒய்/ஏ 6.15இலிருந்து 7.53. பயிற்சியாளர் அதே புரூஸ் ஏரியன்ஸ், லைனில் ஐந்து பேரில் நான்கு பேர் அதே ஆட்கள். வலது டேக்கிளாக (லைனின் வலது ஓரத்தில்) ட்ரிஸ்டன் வர்ஃப்ஸ் மட்டும் புதிது.

இருபத்தொன்றும் நாற்பத்தேழும் இரண்டு இடத்திலும் திரும்பி வந்தது தற்செயல். ஆனால் ‘லைன் நல்ல லைன்’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார் என்பதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மரினோவின் 1984இல் 13 சாக்தான். மயாமி லைனின் நடுவில் நின்ற சென்டர் டுவைட் ஸ்டீஃபன்சன் ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர், மறுக்கவில்லை. ஆனால் அந்த 13க்கு மரினோவின் மின்னல் கைக்கும் பங்கு உண்டு.

டாம்பா ஒப்பீட்டில் ஒரு பள்ளமும் இருக்கிறது. 2019இல் அந்த அணி கொடுத்த புள்ளிகள் 449, மறு வருடம் 355. டிஃபென்ஸ் ஒரே வருடத்தில் திருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்தப் புள்ளிக் கணக்கில் எதிரணி எப்படி எடுத்ததும் சேரும். வின்ஸ்டன் எறிந்து எதிரணி பிடித்து நேராக டச்டவுனுக்கு ஓடிய 7 பந்துகளும் அந்த 449க்குள்தான் கிடக்கின்றன. அவரது பக்கத்தின் முதன்மை அட்டவணையில் அதற்குத் தனி நெடுவரிசை கிடையாது. ஆட்டம் ஆட்டமாகத் தேட வேண்டும். பெரிய குறை.

கோப்பையை அளவுகோலாக வைப்பவர்கள் டென்வர் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கின் பக்கத்தில் இரண்டு வரிகளை அருகருகே வைத்துப் பார்க்கட்டும். 2013: 5,477 யார்டு, 55 டச்டவுன், சியாட்டிலிடம் 43-8 என்று சூப்பர் பவுலில் மண்ணைக் கவ்வினார். 2015: பத்து ஆட்டத்தில் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். அந்த வருடம்தான் டென்வருக்குக் கோப்பை, ஆட்டநாயகன் டிஃபென்ஸ்காரர் வான் மில்லர். அதே டென்வரின் குவார்ட்டர்பேக் ஜான் எல்வேயின் முதல் கோப்பையும் இந்த ரகம்: 32ஆவது சூப்பர் பவுலில் அவர் எறிந்தது 123 யார்டு, டச்டவுன் பூஜ்யம். ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் ஓடியது 157 யார்டு, மூன்று டச்டவுன்.

காலத்தைப் பொறுத்தும் கருவி மாறும். ரிசீவருக்கு எத்தனை பந்து குறிவைக்கப்பட்டது என்பது 1992இலிருந்துதான் உண்டு, யார் எத்தனை ஸ்னாப் (தனித்தனி ஆட்ட நகர்வு) ஆடினார் என்பது 2012இலிருந்து. கைநழுவிய பந்து, குவார்ட்டர்பேக் மேல் வந்த அழுத்தம் எல்லாம் 2018க்குப் பிறகு. எனவே மரினோவின் எத்தனை எறிதலை ரிசீவர் மார்க் டூப்பர் நழுவவிட்டார் என்று இங்கே கேட்டுப் பயனில்லை. வெவ்வேறு காலத்து ஆட்களை ஒப்பிட, அட்டவணைக்குக் கீழே இருக்கும் ‘அட்ஜஸ்டட் பாஸிங்’ பகுதிக்குப் போங்கள். அதில் 100 என்பது அந்தக் காலத்துச் சராசரி. 1984ஐயும் 2013ஐயும் பச்சை எண்ணில் ஒப்பிடுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

கைப்பேசியில் அட்டவணைகள் பக்கவாட்டில் நீண்டு ஓடும், பாதி நெடுவரிசை கண்ணில் படாது. கணினியில் திறந்து, அட்டவணைக்கு மேலே இருக்கும் பகிர்வுப் பட்டியில் சிஎஸ்வி எடுத்து, எக்செல்லில் போட்டுக்கொள்வதே நிம்மதி. நான்கைந்து வீரர்களை ஒப்பிட இலவசப் பக்கங்கள் தாராளம். ‘25 வயதுக்குள் இத்தனை சாக்குக்கு மேல் வாங்கியவர்கள்’ மாதிரி வலைவீசித் தேடுபவருக்கு மட்டும் ஸ்டாட்ஹெட் சந்தா தேவை.

குவார்ட்டர்பேக் ஸ்டீவ் யங்கைப் பார்ப்பவர்கள் வாழ்நாள் மொத்தம் என்ற கடைசி வரியை நம்ப வேண்டாம். டாம்பாவில் தொடக்க வீரராக 3 வெற்றி, 16 தோல்வி, 11 டச்டவுனுக்கு 21 இன்டர்செப்ஷன் என்ற இரண்டு வருடமும், ஆறு முறை லீக்கில் ரேட்டிங் முதலிடம் பிடித்த சான் ஃபிரான்சிஸ்கோ வருடங்களும் அந்த ஒரே வரியில் கரைந்துவிடும். அணி வாரியான கூட்டுத்தொகை அதற்குக் கீழேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு 1986 டாம்பா, 1992 சான் ஃபிரான்சிஸ்கோ ஆகிய இரண்டு அணிப் பக்கங்களையும் தனித்தனித் தாவலில் திறந்து, உச்சியில் பயிற்சியாளர் பெயர் இருக்கும் வரியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.