ஆர்கேட் (கேம் மெஷின்) மானிட்டரில் ஸ்கோப் (ஆசிலோஸ்கோப்) வைக்க எந்த முறை பத்திரம்?

வெல்ஸ் கார்ட்னர் கே7000, எலக்ட்ரோஹோம் ஜி07 போன்ற பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களின் சேஸிஸில் (சர்க்யூட் பகுதியில்), உள்ளே வரும் ஏசி நேராக, அதை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் போகிறது. ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்போ எர்த்தோடு இணைந்தது. ஐசொலேஷன் (மெயின்ஸோடு நேரடித் தொடர்பு இல்லாமல் பிரிப்பது) இல்லாமல் அந்தக் கிளிப்பை சேஸிஸ் கிரவுண்டில் மாட்டினால் ஃபேஸ் ஒரு டயோடு வழியாக எர்த்துக்குப் பாயும். ஃபியூஸும் டயோடும் போகும். சில சமயம் புரோப் வயரும் கருகும்.

முதல் இடம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான். கேபினெட்டுக்குள்ளேயே 120 வோல்ட்டுக்கு ஒன்று இருக்க வேண்டும். ஆனால் முன்பு ரிப்பேர் பார்த்த யாராவது அதைத் தாண்டி வயர் இழுத்திருக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, கேபினெட் சுவிட்சை ஆனில் வைத்து, பிளக்கின் பின்களுக்கும் மானிட்டர் இன்புட்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். தொடர்பே காட்டக் கூடாது. 230 வோல்ட் நாடுகளில் விற்கும் 110 வோல்ட் கன்வெர்ட்டர்களில் பல, இன்புட்டும் அவுட்புட்டும் ஒரே சுருளில் இருக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கும் அதே ரகம். வோல்டேஜைக் குறைக்கும், ஆனால் பிரிக்காது. இந்தச் சோதனையில் இரண்டும் மாட்டிக்கொள்ளும்.

ஒன்றை மறக்காதீர்கள்: கிளிப்பை மாட்டிய கணமே சேஸிஸ் எர்த் ஆகிவிடுகிறது. ஜி07-இல் 120 வோல்ட் இருக்கும் பி பிளஸ் (முக்கிய டிசி சப்ளை) லைனில் கை பட்டால் ஷாக் நிச்சயம். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் இருக்கும் இஎல்சிபி (மின்கசிவு பிரேக்கர்) அதை உணராது.

இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் டிஃபரன்ஷியல் புரோப் இருந்தால் எது கிரவுண்டு என்ற கவலையே இல்லை. படத்தைக் கிடைமட்டமாக ஓட்டும் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் எழும் பல்ஸ் 1000 வோல்ட்டைத் தொடும். அங்கே இதுதான் சரி. சிக்னலை 10 மடங்கு குறைத்துக் காட்டும் சாதாரணப் புரோப் பெரும்பாலும் 300 முதல் 600 வோல்ட் வரைதான் தாங்கும். ஐசொலேஷனோடு வேலை செய்தாலும் அந்த இடத்துக்கு 100 மடங்கு புரோப் தேவை. டிஃபரன்ஷியல் புரோபின் குறை என்னவென்றால், அதிக மடங்கு குறைத்துக் காட்டும்போது அதே டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வரும் டிரைவின் சில வோல்ட் இரைச்சலில் மங்கிவிடும்.

இரண்டு சாதாரணப் புரோப், கிளிப்கள் கழற்றி, ஸ்கோப்பில் ஏ சேனல் கழித்தல் பி சேனல்: கூடுதல் செலவில்லை. இரண்டின் காம்பன்சேஷனும் (புரோபின் ட்ரிம்மர் சரிக்கட்டல்) ஒன்றாக இல்லாவிட்டால் பொய்யான வடிவம் தெரியும். அவசரத்துக்குப் போதும்.

ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டுவது வேண்டவே வேண்டாம். ஸ்கோப்பின் உலோகப் பாகமெல்லாம் மெயின்ஸ் ஆகிவிடும்.

எதையும் தொடும் முன் புரோப் முனையை ஃப்ளைபேக்கிலிருந்து (ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்) 5 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், அதிலிருந்து டியூபுக்குப் போகும் ஆனோடு வயர் பக்கம் போகாமல். 63.5 மைக்ரோசெகண்டுக்கு ஒரு பல்ஸ் வந்தால் ஹரிசாண்டல் ஓடுகிறது என்று அர்த்தம்; உயரத்தை நம்பாதீர்கள். வரவில்லையென்றால் டிரைவர் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குப் போங்கள். அங்கே சிக்னல் இருந்து அவுட்புட் பேஸில் இல்லையென்றால், டிரைவ் டிரான்ஸ்ஃபார்மரின் கால்களில் வெடித்த சால்டரைத் தேடுங்கள். அதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, ஃபில்டர் கப்பாசிட்டரை ரெசிஸ்டர் வைத்து இறக்கி, ஆனோடை டியூபின் வெளிப்புற எர்த் பின்னலுக்கே டிஸ்சார்ஜ் செய்யுங்கள். சர்க்யூட் போர்டு கிரவுண்டுக்குச் செய்தால் ஐசி போகும்.