கொட்டாங்குச்சி ஆக்டிவேட்டட் கார்பன்: ஆற்றுச் சேற்றுக்குத் தேறுமா?

டிடிடி, எண்டோசல்ஃபான் போன்ற பூச்சிக்கொல்லி நஞ்சு படிந்த ஆற்றுச் சேற்றுக்கு ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் நுண்துளைக் கரி, நல்ல சரக்குதான். ஆனால் மூட்டையைப் பிரித்து அப்படியே கொட்டினால் நிறையத் தூள் மிதந்து ஓடிவிடும். நுண்துளைகளில் காற்று அடைத்திருப்பதே காரணம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கூழானதும் சேற்றின் மேற்பகுதியில் 10 செ.மீ. ஆழத்துக்குள் கலக்க வேண்டும். அளவு, காய்ந்த சேற்றின் எடையில் 3 சதவீதம். சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ வரும். தாராளமாக அள்ளிப் போட்டால் சேற்றுப் புழுக்கள் மெலியும்.

குருணை வேண்டாம், வேலை மெதுவாகத்தான் நடக்கும். மாவு போன்ற தூளே சரி. அடுப்புக்கரி மலிவு, பிடிப்பும் அதற்கேற்பத்தான். ஒன்று சொல்லியாக வேண்டும்: இது நஞ்சை அழிக்காது, பூட்டி வைக்கும். வெள்ளம் அரிக்கும் வளைவுகளில் போட வேண்டாம். மேலே மணல் மூடினாலும் அங்கே நிற்காது.